சீமைக்கருவைக் கரி

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயர், அப்பா பெயர், ஊர், தெரு எல்லாம் மனப்பாடம். எழுதக்கூடாது என்று சொன்னது அவரேதான். ஏன் சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை வேலையாட்கள் கூப்பிட்ட மாதிரியே காளவாய்க்காரம்மா என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் நான் அவரை ‘அவள், இவள்’ என்றுதான் பேசினேன். என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர், ஆனாலும் அப்படித்தான் பேசினேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அவர் வாயில் எந்நேரமும் இருந்தது இரண்டே சொல். “எங்க, காட்டு.” மரியாதை கொடுக்க வேண்டியவர்களிடம், “எங்க, காட்டுங்க.” அவ்வளவுதான் வித்தியாசம். ‘ஆமாங்க’ என்று தலையாட்டி நான் பார்த்ததே இல்லை. மழை வரும் என்றால் வானத்தைப் பார்ப்பார். கிழங்கு வெந்துவிட்டது என்றால் பிட்டுப் பார்ப்பார். கூட வேலை செய்கிற பெண்களுக்கே சில நேரம் எரிச்சல் வரும். “இவளுக்கு சூரியன் உதிச்சதக்கூட விரலால தொட்டுப் பாக்கணும்டி” என்பார்கள். அதையும் காதில் வாங்கிக்கொண்டு மண்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில், ஓடைக்கரைப் புறம்போக்கில் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். ஆதிகால மனிதன் உடைத்து வைத்த கல் கோடரிகள் அங்கே கிடைத்தன. நான் அரியலூர்க்காரன். குழியில் எது எங்கே எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று படம் வரைகிற தினக்கூலி டிராப்ட்ஸ்மேன். எங்கள் தலைவர் ஓர் அதிகாரி. அவரைச் சார் என்று மட்டும் சொல்கிறேன். படம் சரியாக அமைந்தால் என் வேலையை நிரந்தரமாக்கித் தருவதாகச் சார் சொல்லியிருந்தார். என் அம்மா அந்த நிரந்தரத்தை நம்பிப் பெண்ணே பார்த்துவிட்டிருந்தாள்.

காளவாய்க்காரம்மாவுக்கு அந்தப் பக்கத்து ஊர்தான் பிறந்த ஊர். கட்டிக்கொடுத்தது அரியலூரில், கல்லங்குறிச்சி ரோட்டில். அங்கே சுண்ணாம்புக் காளவாயில் வேலை. கல்லையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டு எரிக்கிற சூளை அது. கரி மட்டமாக இருந்தால் கல் வேகாது. அதனால் கரிமூட்டை வந்து இறங்கியதும் எது எந்த மரத்துக் கரி என்று பிரித்துப் போடுவது இவர் பொறுப்பு. ஒருநாள் முதலாளி வேகாத கல்லை வெந்தது என்று சொல்லி லாரியில் ஏற்றியிருக்கிறார். வாங்க வந்தவர் எதிரிலேயே இந்த அம்மா அந்தக் கல்லில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். வெந்த கல் என்றால் புஸ்ஸென்று பொங்கிப் பொடியாகும். அது குளித்துவிட்டு வந்த எருமை மாதிரி சும்மா ஈரமாகிக் கிடந்ததாம். அன்றைக்கே வேலை போயிற்று. பிறந்த வீட்டுக்கு வந்தவர் எங்கள் குழியில் கூடை தூக்கச் சேர்ந்தார்.

சேர்ந்த முதல் நாளே ஒரு சண்டை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே டீக்கடை. இவர் தெருக்காரர்களுக்கு அங்கே தனி கிளாஸ், கூரைச் சொருகலில் இருக்கும். கடைக்காரர் அதை எடுத்து நீட்டினார்.

“இது எதுக்கு எனக்கு?”

“எல்லாருக்கும் இதாம்மா.”

“எல்லாருக்கும்னா? எங்க, காட்டு.”

கடைக்காரர் என் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு மிச்ச டீயைக் குடித்தேன். அந்த அம்மா குடிக்காமல் போய்விட்டார். மறுநாளிலிருந்து மண் சுமக்கிற பெண்கள் ஒருத்தரும் அந்தக் கடைப் பக்கம் திரும்பவில்லை. ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர், கடைசியில் டீத்தூக்கோடு குழிக்கே வந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸில் ஊற்றினார். சாருக்கும் அதே கிளாஸ்தான். “சக்கர கம்மியா இருக்கு” என்று மட்டும் இந்த அம்மா சொன்னார்.

சாரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் எங்களோடு குந்தி மண் சுரண்டுவார். அவருக்கு இருந்தது ஒரே ஏக்கம். அந்தச் செம்மண்ணில் எலும்பு தங்காது, கரைந்துவிடும். எத்தனை கோடரி கிடைத்தாலும் அதைப் பிடித்த கைக்காரனின் ஒரு விரல் எலும்புகூடக் கிடைக்காது. ஒருமுறை சுண்ணாம்புச் சுரங்கத்து லாரி டிரைவர் ஒருவர் நீளமான கல் ஒன்றைக் கொண்டுவந்து, ராட்சசன் தொடை எலும்பு என்று இறக்கினார். வேலையாட்கள் குங்குமம் வைத்துவிட்டார்கள். காளவாய்க்காரம்மா குங்குமம் இல்லாத பக்கமாகக் குனிந்து நாக்கால் ஒரு நக்கு நக்கினார். “எலும்புன்னா நாக்குல ஒட்டும். இது வெறும் கல்லுப்பா.” சாரும் அதே சோதனையைத்தான் செய்யவிருந்தார். நக்கவே வேண்டாமல் போயிற்று என்று சிரித்தார். அதற்கப்புறம் சொன்னார்: “எலும்பு கெடைக்காதுன்னா பரவாயில்லப்பா. ஒரு அடுப்பு கெடைச்சா போதும். இந்தக் கல்லுங்களோட காலத்துல இங்க ஒருத்தன் தீ மூட்டினான்னு காட்டிட்டா, நான் நிம்மதியா ரிட்டயர் ஆவேன்.”

அந்த ஆசைதான் எல்லாருக்கும் வினையாக வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மேஸ்திரி தினமும் காலையில் குழியின் ஈசானிய மூலையில் சூடம் ஏற்றிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட விடுவார். பழங்காலத்து ஆவிகள் கிடக்கிற இடம், காவல் தெய்வத்துக்குக் காட்டாமல் கைவைத்தால் யாருக்காவது கைகால் போய்விடும் என்று பயம். இந்த அம்மா மூன்றாம் நாளே கேட்டுவிட்டார். “பழைய நெருப்பத் தேடுறோம்னு சொல்லிக்கிட்டு, புது நெருப்ப குழிக்குள்ளயே ஏன்யா வைக்கிற? மேல கரையில வையேன். சாமிக்குக் கண்ணு தெரியாதா?” மேஸ்திரி சாமி வந்தவர் மாதிரி ஆடிவிட்டார். சார் சிரித்துக்கொண்டே, “விடும்மா, ஒரு வில்லை சூடத்துல என்ன ஆயிடப்போகுது” என்றார். இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்து சில நாட்களில் அடுப்பு கிடைத்தது.

சார் கையாலேயே சுரண்டி வெளியே வந்தது. மூன்று கற்கள் கூட்டி வைத்தபடி. நடுவே சாம்பல், கறுத்த மண், கைநிறையக் கரித்துண்டுகள். அடியில் மண் சிவந்து கன்றியிருந்தது. மூன்று கல்லில் ஒன்று ஆதிமனிதன் கொத்திய அடையாளத்தோடு இருந்தது. சார் குழிக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. அன்றைக்கே மெட்ராஸுக்குத் தந்தி போயிற்று. வருகிற திங்கள்கிழமை பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள், வடக்கே கரியைச் சோதித்து வயது சொல்கிற ஆய்வுக்கூடத்துக்காரர் ஒருவரும் வருகிறார் என்று பதில் வந்தது. “தம்பி, படத்த இன்னிக்கே போட்டுடு. நடுவுல பெருசா ‘அடுப்பு’ன்னு எழுது” என்றார் சார்.

கரித்துண்டு ஒன்று கூடையில் விழுந்திருக்கிறது. காளவாய்க்காரம்மா அதை எடுத்து நகத்தால் சுண்டினார். காதோரம் வைத்து இன்னொரு தரம் சுண்டினார். கல்லில் தட்டினார். கிணுங் என்று சில்லறைக் காசு விழுகிற சத்தம். இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது சீமைக்கருவைக் கரி.”

சாருக்குக் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னார்.

“சீமைக்கருவை சார். காளவாய்க்கு வர்றதுல பாதி இதான். இலுப்பைக் கரின்னா கையெல்லாம் அப்பும். நாட்டுக்கருவைக்கு சத்தம் வேற. நான் வயசுக்கு வந்த வருசம் எங்க ஊர் ஏரிக்கரையில இந்த வெதையத் தூவ ஆள் எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி இந்த மரம் இந்தப் பக்கமே கெடையாது. நானே மடியில கட்டிக்கிட்டுப் போயித் தூவியிருக்கேன். இந்த அடுப்புக்கு என்னை விட வயசு கம்மி சார்.”

சார் முகம் சிவந்துவிட்டது. “கரியத் தட்டிப் பாத்து வயசு சொல்றியா? அதுக்குத்தான் மெஷினு வச்சிருக்காங்க, படிச்சவங்க இருக்காங்க. போயி கூடையத் தூக்கு.”

“படிச்சவங்க வரட்டும் சார். அதுக்குள்ள இவரு படத்துல அடுப்புன்னு எழுத வேணாம்னுதான் சொல்றேன்.” அப்புறம் மேஸ்திரி பக்கம் திரும்பினார். “யோவ் மேஸ்திரி, இங்க பொங்க வச்சது யாரு?”

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எனக்கென்ன தெரியும்?” என்று வேறு பக்கம் நடந்தார். சார் கத்தினார். “நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்!”

“வரல. அடுப்புன்னா எங்க, காட்டுங்கன்னுதான் கேட்டேன். காட்ட முடியல, வெரட்டுறீங்க.” கரித்துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போன வருஷம் மாசியில், நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால், குழியை மூடும் நேரம் ஒருவர் காலில் மண்சுவர் சரிந்து விழுந்ததாம். சார் மெட்ராஸ் போயிருந்தார். காவல் தெய்வத்துக்குக் குறை வைத்ததால்தான் இப்படி என்று, குழிக்குள்ளேயே மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்துச் சேவல் அறுத்திருக்கிறார்கள். அந்த மூன்று கல்லும், சார் வேண்டாம் என்று ஒதுக்கிய குவியலிலிருந்து எடுத்தவை. அப்புறம் ஐப்பசி மழையில் மலையிலிருந்து மண் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. பழைய குழிக்கரை எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போய்விட்டது. அதில்தான் நாங்கள் புதுக்குழி வெட்டியிருக்கிறோம்.

“சார்கிட்ட சொல்லிடாதப்பா. குழிய மூடிட்டா நாப்பது பேரு பொழப்பு போயிரும். ஒனக்கும் வேல நிக்காது.”

சரி என்றேன். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். விடிந்ததும் உட்கார்ந்து, இந்தியன் இங்க்கில், என் வாழ்க்கையிலேயே அழகான எழுத்தில், ‘அடுப்பு’ என்று எழுதினேன்.

திங்கள்கிழமை ஜீப்புகள் வந்தன. வேடிக்கை பார்க்க ஊர் திரண்டிருந்தது. கூட்டத்தில் காளவாய்க்காரம்மாவும் நின்றார். ஆய்வுக்கூடத்துக்காரர் தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். மண்டி போட்டு நெடுநேரம் பார்த்தார். கரியைத் தொடாமல் இடுக்கியால் எடுத்துச் சுற்றி வைத்துக்கொண்டார். என் படத்தை வாங்கிப் பார்த்தார். “நீங்க வரைஞ்சதா? நல்லா இருக்கு. கூடவே இருந்து பாத்திருக்கீங்க. இது அடுப்புதானே? சந்தேகம் ஒண்ணும் இல்லையே?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். என் அம்மா பார்த்துவைத்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

“அடுப்புதான் சார்” என்றேன்.

கரைமேலிருந்து குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை. “எங்க படக்காரரே, காட்டுங்க.”

காவலுக்கு வந்த ஆள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். வந்தவர்கள் யாரோ குடிகாரி என்று நினைத்துக்கொண்டார்கள். நான் படத்தைச் சுருட்டினேன். சுருள் கோணிக்கொண்டது.

சில மாதங்கள் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. கரி புத்தம் புதிது, வயது கணக்கிட அதில் ஒன்றுமே இல்லை என்று. மறுநாள் சார் சொன்னார். “தெனமும் குழிக்குள்ள சூடம் ஏத்தி ஏத்தி சாம்பிளக் கெடுத்துட்டானுங்க. அடுப்பு அடுப்புதான். அடுத்த வருஷம் வேற கரி அனுப்புவோம்.” ஒரு வில்லை சூடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று சிரித்த அதே வாய்! கடிதம் மேஜை டிராயருக்குள் போயிற்று. என் படம் அறிக்கைக்குப் போகிற படங்களில் முதலாவதாக இருந்தது. என் நிரந்தரத்துக்கான சிபாரிசும் அதே வாரம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் பஸ் மாறி அரியலூர் போய், அங்கிருந்து கல்லங்குறிச்சி ரோட்டுக்குச் சைக்கிளில் போனேன். காளவாய்க்காரம்மா வேறொரு காளவாயில் சேர்ந்திருந்தார். கரிப்பொடி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்க படக்காரரே” என்றார். கோபமே இல்லாத மாதிரி இருந்தது. நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது என்று கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்படுவார், அதோடு என் பாவமும் கழிந்துவிடும் என்று மனக்கணக்கு.

“கரி புதுசுன்னு எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. படத்துல என்ன இருக்கு?”

“அடுப்புன்னுதான்.”

“இன்னமுமா?”

“ஆபீஸ் படம்மா அது. என் கையில என்ன இருக்கு?”

“ஒங்க கையிலதானே பேனா இருந்துச்சு.”

எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, “மாத்திடுறேன்” என்றேன். சொன்னதும் ஏதோ பெரிய தியாகி ஆகிவிட்ட மாதிரி இன்னொன்றையும் சேர்த்தேன். “கீழ ஒங்க பேரையும் எழுதுறேன். கரிய அடையாளம் சொன்னது இன்னார்னு, அப்பா பேரு, ஊரோட. அது என்னைக்கும் இருக்கும்.”

“வேணாம்.”

“ஏம்மா?”

“அவரு பேரு பெரிய பேருன்னுதானே அவரு சொன்னத நம்புனீங்க? எம்பேரு சின்னப் பேருன்னுதானே என்னைய நம்பல? இப்ப எம்பேர எழுதி அதப் பாத்து ஒருத்தன் நம்புனா, ரெண்டும் ஒண்ணுதான். கரிய வச்சிப் பேசுங்க. எம்பேர எங்கயும் எழுதாதீங்க.”

உள்ளே போய்ச் சுருக்குப் பையிலிருந்து குழியில் எடுத்த துண்டைக் கொண்டுவந்தார். சூளையோரம் குவியலிலிருந்து இன்னொரு துண்டைப் பொறுக்கினார். இரண்டையும் ஒரு சுண்ணாம்புக்கல்லில் தட்டினார். கிணுங், கிணுங். எது எதுவென்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து, “கேக்குறவங்களுக்குத் தட்டிக் காட்டுங்க” என்றார். அப்புறம் கரிமூட்டை வண்டி வந்துவிட, “போயிட்டு வாங்க, எனக்கு வேல கெடக்கு” என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் படத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். ஷேவிங் பிளேடால் ‘அடுப்பு’ என்பதைச் சுரண்டினேன். இந்தியன் இங்க் லேசில் போகாது. காகிதம் கிழியாமல் சுரண்டுவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த இடத்தில் எழுதினேன்: ‘எரிந்த மண். கரி, சீமைக்கருவை. போன பருவத்தில் வேலையாட்கள் வைத்த பொங்கல்.’ சார் உள்ளே வந்து பார்த்தார்.

“யாரக் கேட்டு அழிச்ச?”

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. “அடுப்பு எங்க சார்? காட்டுங்க.”

மத்தியானத்துக்குள் என் கணக்கை முடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அம்மா பார்த்த பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷம் அரியலூரில் வீட்டுப் பிளான் வரைந்தே பிழைத்தேன். நன்றாகவே பிழைத்தேன். கொல்லைப்புறத்தில் இல்லாத கிணற்றை இருப்பதாகப் போடச் சொன்ன ஆட்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. நான் சுரண்டிய அந்தப் படம் எந்த அலமாரியில் கிடக்கிறதோ தெரியாது. அதன்மேல் வேறொருவர் மறுபடியும் ‘அடுப்பு’ என்று எழுதியிருக்கலாம். எழுதட்டும்.

இதைப் படித்துவிட்டு, பெயரில்லாத ஒரு காளவாய்க்காரி பெரிய அதிகாரியை விடச் சரியாகச் சொன்னாராம், யார் நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். நம்ப வேண்டாம். கரித்துண்டு இரண்டும் என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கின்றன. வீட்டு வாசலில் ஒரு சுண்ணாம்புக்கல்லும் கிடக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்.